பழுப்புத்தாள் உறைக்குள் ஓர் இதழ்



ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நாங்கள் நடத்திய கையெழுத்து இதழ் நான்காம் வெளியீட்டோடு நின்றது, எழுத ஆளில்லை. ‘பாம்பே தோஸ்த்’ இதழின் கதை வேறு.

பத்திரிகையாளர் அசோக் ராவ் கவி, தன்பால் ஈர்ப்பினருக்காக 1990இல் பம்பாயில் அதனைத் தொடங்கினார். அத்தகைய உறவை அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் அது. அதன் வழிவந்த பிரிவுகள் நம் மலேசியச் சட்டத்தில் இன்றும் உள்ளன. கடையில் வெளிப்படையாகத் தொங்கவிட இயலாமல், இதழ் பழுப்புத்தாள் உறைக்குள் கைமாறியது. ஆங்கிலத்தோடு இந்தியும் இடம்பெற்றது. என்னைக் கேட்டால், அதன் உயிர் கட்டுரைகளில் இல்லை, வாசகர் கடிதங்களில்தான் இருந்தது. தம்மைப் போல் இன்னொருவர் உண்டென்று, எங்கோ ஒரு சிற்றூரில் தனித்திருந்தவர் அங்கேதான் அறிந்தார்.

அதற்கு முன்பே, 1986இல், கலிபோர்னியாவில் தெற்காசியர்கள் ‘திரிகோண்’ இதழைத் தொடங்கியிருந்தனர். முக்கோணம் என்பது பெயரின் பொருள். நாஜி வதைமுகாம்களில் இத்தகையோர் உடையில் தைக்கப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணத்தை அது நினைவூட்டும். அமெரிக்காவிலும் வழி எளிதாக இருந்ததில்லை. ‘ஒன்’ என்னும் இதழை அஞ்சல் துறை ஏற்க மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1958இல்தான் வென்றது.

‘பாம்பே தோஸ்த்’ 2002இல் நின்றது. கையில் பணமில்லை, கடிதம் எழுதியவர்களோ இணையத்துக்குப் பெயர்ந்துவிட்டனர். அங்கே மறுமொழி அன்றே கிடைத்தது, உறையும் தேவைப்படவில்லை. 2009இல் இதழ் மீண்டும் வெளிவந்தது. அவ்வாண்டே டில்லி உயர் நீதிமன்றம் சட்டத்தைத் தளர்த்தியது. 2013இல் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் இறுதியாக விடுவித்தபோது, உறை பிரித்துப் படித்த முதல் வாசகர் பலர் நடுவயதைக் கடந்திருந்தனர்.