மனோகர் ஐச்சுக்குச் சிறையில் கிடைத்த நேரம்

உடற்கட்டுப் பயிற்சியில் தீராத ஆர்வம் கொண்ட ஆய்வு மாணவர்களிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: படிப்பு, பணி, குடும்பம் ஆகியவற்றுக்கு நடுவே இதற்கு நேரம் ஒதுக்குவது எவ்வாறு? வங்காளத்து மனோகர் ஐச்சின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தால் இவ்வினாவின் வடிவமே மாறிவிடுகிறது.

இன்றைய வங்கதேசத்தின் கொமில்லா பகுதியில் பிறந்தவர் ஐச். உயரம் 4 அடி 11 அங்குலம். சிறுவயதில் தாக்கிய கருங்காய்ச்சல் உடலை உருக்குலைக்க, இழந்த வலிமையை மீட்கவே பயிற்சியில் இறங்கினார். 1942இல் ஆங்கிலேயரின் விமானப்படையில் சேர்ந்தார். இந்தியரை இழித்துப் பேசிய அதிகாரி ஒருவரை அறைந்ததால் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

பிறர் நலிந்து மெலியும் அவ்விடத்தில்தான் அவருடைய உடல் திரண்டது. கருவி ஏதுமின்றி நாள்தோறும் பல மணிநேரம் பயின்றார். அதைக் கண்டு வியந்த சிறை அதிகாரிகள் தனி உணவுக்கு ஏற்பாடு செய்தனர். வெளியுலகில் ஓர் ஏழை இளைஞனுக்கு ஒருசேரக் கிட்டாதவை இரண்டு: நேரமும் சோறும். அவற்றைக் கொடுத்தது, அவரைத் தண்டித்த அரசின் சிறைக்கூடமே. இம்முரணை நம் விளையாட்டு வரலாறுகள் வெறும் வீரக்கதையாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

வெளியே வந்ததும் வறுமை காத்திருந்தது. கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றுப் பிழைத்தார், பயிற்சியை விடவில்லை. பழஞ்சோற்றின் பெருமையை அவர் முதுமையிலும் பேசிக்கொண்டிருந்தார். (பழைய வழக்கில் உடற்பயிற்சிக்குத் தேகாப்பியாசம் என்றும் கல்விக்கு வித்தியாப்பியாசம் என்றும் பெயர். இரண்டிலும் உள்ளது ஒரே அப்பியாசம். பிழைப்புக்கு அவ்வரிசையில் இடமில்லை. சொல்லை வழங்கியோர் பசியறியாதவர் போலும்!)

1951இல் லண்டனில் நடந்த உலக ஆணழகன் போட்டியில் இரண்டாமிடமே கிட்டியது. அதே ஆண்டு மற்றொரு வங்காளியான மனோதோஷ் ராய் ஒரு பிரிவில் பட்டம் வென்றிருந்தார். ஐச் ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கினார். 1952இல் உயரம் குறைந்தோர் பிரிவில் பட்டத்தைக் கைப்பற்றினார்.

பட்டத்தோடு சம்பளம் எதுவும் வரவில்லை. சர்க்கஸ் கூடாரங்களில் தம் உடல்வலிமையைக் காட்டிக் குடும்பத்தைக் காத்தார். பயிற்சிக்கும் பிழைப்புக்கும் இடையிலிருந்த எல்லை அங்கே அழிந்துபோயிற்று. நூறு வயதைக் கடந்து, 2016இல் மறைந்தார்.