பழைய ஜெர்மானியச் சமய அச்சுப்படங்கள்

அரியலூர் மாவட்டத்திலுள்ள விக்கிரமங்கலம், சோழர் காலத்தில் விக்கிரமசோழபுரம் என்னும் பெயர் பெற்று விளங்கிய ஊர். அங்கே சிவபெருமானுக்குக் கோயில் உண்டு. புத்தர் சிலையும் சமணத் தீர்த்தங்கரர் சிலையும் அவ்வூரில் கிடைத்துள்ளன. மூன்று சமயங்களின் உருவங்களையும் ஓரூர் எல்லைக்குள் காணும்போது என் உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. கல்லில் வடித்த உருவம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடியார்தாம் அதனை நாடி வர வேண்டும். காகிதத்தில் அச்சிட்ட உருவமோ அடியாரை நாடித் தானே செல்லும், கடல் கடக்கும், பிற மொழியாரின் கைக்கும் வந்து சேரும். அவ்வாறு நெடுவழி நடந்த படங்களுள் சிறந்தவை ஜெர்மானிய நாட்டின் பழைய சமய அச்சுப்படங்கள். அவற்றைத் திரட்டுவோர் எதனைத் திரட்டுகின்றனர், எதனைக் காக்க வேண்டும் என்பவற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் இப்படங்களின் வகைகளை அறிதல் நலம். பழமையானது மரச்செதுக்கு. பலகையின்மேல் படம் வரைந்து, கோடுகளை மேடாக விட்டு, மற்ற இடங்களைச் செதுக்கி எடுத்துவிடுவர். மேட்டில் மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் படம் பதியும். அடுத்தது செப்புத்தகட்டு வேலை. இங்கே முறை தலைகீழாகும். கூரிய உளியால் தகட்டில் கோடுகளைப் பள்ளமாக வெட்டுவர். மை பள்ளத்தில் தங்கும். ஈரக் காகிதத்தை உருளைகளுக்கிடையே வைத்து அழுத்த, அது பள்ளத்து மையை உறிஞ்சிக்கொள்ளும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் ஓர் அழுத்தத் தடத்தை விட்டுச்செல்லும். படத்தைச் சுற்றியுள்ள அத்தடத்தைக் கொண்டே இது தகட்டில் அச்சான படம் என்று தெளியலாம்.

மூன்றாவது அமில அரிப்பு. தகட்டின்மேல் மெழுகு போன்ற பூச்சு ஒன்றைத் தடவி, ஊசியால் அதனைக் கீறிப் படம் வரைந்து, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். போர்க் கவசங்களில் பூவேலை செய்வோரின் தொழில் இது. ஆக்ஸ்பர்க் நகரில் கவசங்களை அணிசெய்த டேனியல் ஹாப்பர் என்பவர் 1500 ஆம் ஆண்டையொட்டி இம்முறையைப் படம் அச்சிடுதற்குக் கொண்டுவந்தார். போர்வீரனின் மார்பை அழகு செய்த கலை, அடியாரின் கைப்படத்துக்கும் பயன்பட்டது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆண்டு குறிக்கப்பெற்ற மிகப் பழைய ஐரோப்பிய மரச்செதுக்குப் படங்களுள் ஒன்று, 1423 என்னும் ஆண்டைத் தாங்கிய புனித கிறிஸ்டோபர் படமாகும். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் அப்புனிதரின் உருவத்தை ஒரு நாளில் ஒரு முறை கண்டவர்க்கு அன்று கொடிய சாவு நேராது என்று மக்கள் நம்பினர். ஆகவே எளியவரும் வாங்கும் விலையில் அத்தகைய படங்கள் ஏராளமாக அச்சாயின. ஏராளமாக அச்சானவை ஏராளமாகவே அழிந்தன. இந்த ஒரு படம் எவ்வாறு பிழைத்தது? புக்ஸ்ஹைம் என்னும் ஊரின் துறவியர் மடத்தில், ஒரு கையெழுத்து நூலின் அட்டைக்கு உட்புறம் யாரோ அதனை ஒட்டிவைத்தனர். சுவரில் ஒட்டிய படங்கள் மழையிலும் புகையிலும் மறைந்தன. நூலுக்குள் ஒட்டிய படம் நின்றது. இன்று அது மான்செஸ்டர் நகரத்து ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளது.

இக்கலையை உச்சிக்கு உயர்த்தியவர் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். பொற்கொல்லரின் மகனாய் 1471 ஆம் ஆண்டில் பிறந்து 1528 ஆம் ஆண்டில் மறைந்தவர். 1498 ஆம் ஆண்டில், உலக முடிவைப் பற்றிய திருவெளிப்பாட்டு நூலைப் பதினைந்து பெரிய மரச்செதுக்குகளாக அவர் வெளியிட்டார். இயேசுவின் பாடுகளைச் செம்பிலும் மரத்திலும் பன்முறை வரைந்தார். 1515 ஆம் ஆண்டில் இரும்புத் தகட்டில் அமில அரிப்பு முறையிலும் கெத்செமனித் தோட்டக் காட்சியை அமைத்தார். அவருடைய மனைவி ஆக்னஸ், பிராங்க்பர்ட் நகரச் சந்தையில் அப்படங்களை விற்றார். பெருங்கலையும் சந்தைக் கடையும் ஒருங்கே நின்ற காலம் அது.

சமயப் பூசல் எழுந்தபோது படமும் போர்க்களம் புகுந்தது. மார்ட்டின் லூத்தர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522 ஆம் ஆண்டு செப்டம்பரில் விட்டன்பர்க்கில் வெளிவந்தபோது, லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையிலிருந்து வந்த படங்கள் அதில் இடம்பெற்றன. பாபிலோன் நகரைக் குறிக்கும் பெண்ணின் தலையில் போப்பாண்டவர் அணியும் மூவடுக்கு முடியை வரைந்திருந்தனர். எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பதிப்பில் முடியின் மேலடுக்குகளைச் செதுக்கி நீக்கிவிட்டனர். எளியதொரு முடியே எஞ்சியது. மூன்று மாத இடைவெளியில் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த மரத்துணுக்கு அகன்றது. ஆயினும் அந்தத் துணுக்கில் ஐரோப்பாவின் பிளவு முழுவதும் அடங்கியிருக்கிறது. திரட்டுவோர் ஒரு படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்குவது வீண் ஆராய்ச்சி அன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அப்பிளவின் எதிரொலி கொள்ளிடக் கரை வரையிலும் கேட்டது. விக்கிரமங்கலம் அமைந்த இதே மாவட்டத்தில், ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணிபுரிந்தவர் கத்தோலிக்கத் துறவியாகிய வீரமாமுனிவர். தரங்கம்பாடியில் 1706 ஆம் ஆண்டு ஜூலையில் வந்திறங்கியவர்கள் லூத்தரின் வழிநின்ற ஜெர்மானியர்களான சீகன்பால்கும் புளுட்சோவும். அவ்வழியினரை மறுத்து வீரமாமுனிவர் எழுதிய தமிழ் நூலே ‘லுத்தேரினத்தியல்பு’ என்பது. விட்டன்பர்க்கில் மரத்தில் செதுக்கிய வாதம், இரு நூற்றாண்டு கழித்துத் தமிழ் உரைநடையில் நடந்தது.

எனினும் ஜெர்மானியச் சமயப் படங்களை இந்தியாவில் பெருமளவில் திரட்டியவர் பாதிரியார் அல்லர். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். அக்பரின் அழைப்பை ஏற்று 1580 ஆம் ஆண்டில் பதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபையினர் நூல்களையும் படங்களையும் உடன் கொணர்ந்தனர். அரண்மனை ஓவியர் அவற்றைக் கண்டு வியந்தனர், படியெடுத்துப் பழகினர். 1600 ஆம் ஆண்டில் அபுல் ஹசன் என்னும் சிறுவன், டியூரர் 1511 ஆம் ஆண்டில் வெட்டிய சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானின் உருவத்தை மட்டும் தனியே வரைந்தான். தனக்கு அப்போது பதின்மூன்றாம் ஆண்டு நடந்ததென அப்படத்திலேயே குறித்தும் வைத்தான். கைகளைக் கோத்துத் துயரத்தால் நிமிர்ந்து நோக்கும் அவ்வுருவம் இன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அச்சிறுவனே பின்னாளில் ஜஹாங்கீரின் அவையில் ‘நாதிருஸ் ஸமான்’, அதாவது ‘காலத்தின் அதிசயம்’ என்னும் பட்டம் பெற்ற ஓவியன். இதனைக் கேட்கும் பள்ளி மாணவர்கள் தம் வயதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

ஜஹாங்கீர் தாம் பெற்ற ஐரோப்பிய அச்சுப்படங்களைத் தொகுப்பேடுகளில் ஒட்டுவித்தார். பாரசீக எழுத்தணியைச் சுற்றிய ஓரங்களில் ஜெர்மானியப் படங்களின் உருவங்களை ஓவியர் பொன் தீட்டிப் புதிதாக வரைந்தனர். கிறித்தவச் சமயப் படம், முஸ்லிம் மன்னரின் ஏட்டில், இந்திய ஓவியரின் கைவண்ணத்தோடு வாழ்ந்தது. அவ்வேடுகளுள் புகழ்பெற்ற ‘குல்ஷன்’ தொகுப்பு இன்று தெஹரானில் இருக்கிறது. அதனோடு சேர்ந்த ஏடுகள் சில பெர்லினில் உள்ளன. நம் நாட்டில் பிறந்த தொகுப்பைக் காண நாம் அயல்நாடு செல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்க் கரையில் திரட்டும் வேலை எதிர்த்திசையிலும் நடந்தது. சீகன்பால்கு, தாம் தேடிச் சேர்த்த தமிழ் ஏட்டுச்சுவடிகளை 1708 ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களின் பெயரையும் அவற்றின் பொருளையும் அதில் விளக்கினார். பின்னர் 1713 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூலே எழுதினார். அதனை ஜெர்மனியிலிருந்தோர் அச்சிட விரும்பவில்லை. 1867 ஆம் ஆண்டில்தான் சென்னையில் அது வெளிவந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற பொருள்கள் பல ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்தின் அரும்பொருட் கூடத்தில் இன்றும் உள்ளன. ஆக, அவர்கள் நம் சுவடிகளைத் திரட்டினர். நம்மவர் அவர்கள் படங்களைத் திரட்டினர். வேறுபாடு ஒன்று உண்டு. சீகன்பால்கு தாம் சேர்த்தவற்றுக்குக் குறிப்பு எழுதினார். அக்குறிப்பே இன்று நமக்குப் பொருளினும் பெரிய செல்வம்.

இங்கே கல்லச்சைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். மியூனிக் நகரில் அலாய்ஸ் செனபெல்டர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையைக் கண்டார். அதற்கு ஏற்ற கல், பவேரியாவிலுள்ள சோல்ன்ஹோபன் ஊர்ச் சுண்ணாம்புக்கல். பழங்காலக் கடலின் அடியில் படிந்த கல் அது. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் பழங்கடல் தந்ததே. ஆனால் நம் கல்லைச் சிமெண்டாக்கினோம். சோல்ன்ஹோபன் கல்லோ மயிரிழையளவு நுண்மையுடையதாதலின் படத்தைத் தாங்கியது. 1894 ஆம் ஆண்டில் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில் ஜெர்மானிய இயந்திரங்களும் ஜெர்மானியத் தொழில்வல்லுநரும் இடம்பெற்றனர். பின்னர் அவ்வச்சகத்தைப் பிரிட்ஸ் ஷ்லைஹர் என்னும் ஜெர்மானியரே வாங்கிக்கொண்டார். நம் பாட்டிமார் விளக்கேற்றி வணங்கிய இலக்குமி, சரசுவதி படங்களுக்குப் பின்னே பவேரிய நாட்டுத் தொழில்நுட்பம் நின்றது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் அத்தகைய படங்கள் நெடுங்காலம் அழகு செய்தன.

இவ்வளவும் கேட்டபின், தாமும் திரட்ட வேண்டும் என்னும் ஆவல் சிலருக்கு எழலாம். ஆவல் நல்லது, ஆனால் அதனோடு பொறுப்பும் எழ வேண்டும். ஒரு பழம்பொருட் கடையில் ஜெர்மானிய விவிலியப் படம் ஒன்றை நான் கண்டேன். வேலைப்பாடு மிக நேர்த்தியானது. தாளைத் திருப்பினேன். பின்புறம் முழுவதும் ஜெர்மானிய எழுத்துகள்; கடைசி வரியில் ஒரு வாக்கியம் பாதியிலேயே நின்றது. மீதி எங்கே என்று வினவினேன். நூலாக விற்றால் வாங்குவோர் ஒருவர், தாள் தாளாக விற்றால் வாங்குவோர் பலர் என்று கடைக்காரர் அமைதியாகக் கூறினார். அந்தப் பாதி வாக்கியம் இன்றும் என் உள்ளத்தில் நிற்கிறது. புக்ஸ்ஹைம் மடத்தில் ஒரு படத்தைக் காத்தது நூல். இங்கே படத்தின் பொருட்டு நூல் கொல்லப்பட்டது.

ஆகவே திரட்டுவோர்க்குச் சில நெறிகள் உண்டு. நூலிலிருந்து அண்மையில் கிழித்த தாளை வாங்காதிருத்தல் முதல் நெறி. சட்டத்துக்கு அளவாகப் படத்தின் ஓரத்தை வெட்டலாகாது. அழுத்தத் தடமும், உரிமையாளர் இட்ட குறிகளும் ஓரத்தில்தான் இருக்கும். ஒளிக்கு எதிரே பிடித்தால் காகிதத்தில் நீர்க்குறி தெரியும். காகிதம் எங்கே, எக்காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கு அது துணைநிற்கும். டியூரரின் பெயரெழுத்துகள் பொறித்தவை யாவும் டியூரருடையவை அல்ல. அவர் வாழ்நாளிலேயே வெனிஸ் நகரில் மார்கன்டோனியோ ரைமாண்டி அவர் படங்களை அவ்வெழுத்துகளோடு படியெடுத்தார். வெயிலும் ஈரமும் பூச்சியும் காகிதத்தின் பகைகள். நம் நாட்டில் மூன்றும் மிகுதி. கண்ணாடியில் நேரே ஒட்டாமலும், பசைநாடா இடாமலும், புளிப்புத்தன்மையற்ற தாளுக்கிடையே இருட்டில் வைப்பதே காப்பு.

எல்லாவற்றினும் மேலான நெறி, குறிப்பு எழுதுதல். எங்கே கிடைத்தது, யார் வீட்டில் இருந்தது, எவ்வாறு வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வைத்திடுக. இதற்கு டியூரரின் படம் வேண்டுவதில்லை, பொருட்செலவும் வேண்டுவதில்லை. விக்கிரமங்கலத்துப் பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பூசையறையிலுள்ள பழைய படத்தின் அடியில் எந்த அச்சகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம். அதனை வாங்கி மாட்டியவர் யார் என்று பாட்டியைக் கேட்கலாம். கல்வெட்டைக் காக்க அரசு இருக்கிறது. அட்டைப்பெட்டியில் கிடக்கும் அச்சுத்தாளைக் காக்க வீட்டிலுள்ளோரே உளர். பாட்டி நினைவுகூரும் நாளிலேயே கேட்டு எழுதுவது நம் கடமையாகும்.