துப்பாக்கியின் கண்

உத்திரமேரூரில் நம் இல்லத்துத் திண்ணைக்கு அஸர் தொழுகைக்குப் பின் வந்து அமரும் அன்பர் ஒருவர் உண்டு. தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; பின்னர்ச் சில ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் காவற்பணி புரிந்து ஊர் திரும்பியவர். ஒரு நாள் அவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அங்கே எங்களுக்குச் சுடும் பயிற்சி கொடுத்த அரபி, துப்பாக்கி முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் குறியைத் தொட்டு 'ஷஈரா, ஷஈரா' என்பார். அது என்ன சொல்?"

நாம் சிரித்துவிட்டோம். ஷஈரா என்றால் வாற்கோதுமையின் ஒற்றை மணி. கண்ணுக்கு அருகே உள்ள பின்குறியின் பிளவை அரபு நாட்டுப் படைகளில் ஃபுர்ளா என்பர். ஆங்கிலேயரும் தங்கள் பழைய துப்பாக்கிகளின் கூரிய முன்குறிக்கு 'பார்லி மணி' என்றே பெயரிட்டிருந்தனர். "எங்கள் பல்டனில் அதை மக்கி என்போம், ஹஜ்ரத்" என்றார் நண்பர். மக்கி என்பது இந்தியில் ஈ. பார்சியிலும் முன்குறிக்கு மகஸக், அதாவது சிற்றீ என்றுதான் பெயர். குழலின் நுனியில் ஓர் ஈ வந்து அமர்ந்ததுபோல் தோன்றியதால் இப்பெயர் வந்ததாதல் வேண்டும். ஒருவனுக்குத் தானியமாகவும் மற்றவனுக்கு ஈயாகவும் தெரிந்த இச்சிறு இரும்புத் துண்டின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது, நாம் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் அது நம்மை இட்டுச் சென்றது.

முதலில் நம் மூதறிஞர்களிடம் வருவோம். வான்மீன்களின் உயரத்தை அளக்கப் பயன்பட்ட உஸ்துர்லாபின் முதுகில், நடுவாணியைச் சுற்றிச் சுழலும் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு அல்இளாதா என்று பெயர். மேற்கையைக் குறிக்கும் அளுத் என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது. அச்சட்டத்தின் இரு முனைகளிலும் துளையிட்ட இரு தகடுகள் செங்குத்தாக நிற்கும். கண், முதல் துளை, இரண்டாம் துளை, விண்மீன் ஆகிய நான்கும் ஒரே கோட்டில் வந்தால் அளவு சரி. இத்தகடுகளுக்கு ஹதஃபா என்றும் பெயர். ஹதஃப் என்றால் இலக்கு என்பதை மதரஸா மாணவரும் அறிவர். நிலஅளவையாளர் மேசைப் பலகைமீது வைத்துக் குறி பார்க்கும் சட்டத்தை ஐரோப்பியர் இன்றும் 'அலிடேட்' என்றே அழைக்கின்றனர்.

பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்து, கெய்ரோவில் 1040ஐ ஒட்டி மறைந்த இப்னுல் ஹைதம், ஒளி நேர்கோட்டில் செல்வதைக் கிதாபுல் மனாழிர் என்னும் நூலில் சோதனைகளால் நிறுவினார். அவற்றுள் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. நேரான அளவுகோல் ஒன்றின்மீது நேரான குழல் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே எதிரிலுள்ள பொருளைப் பார்க்கச் சொல்கிறார். குழல்வாயின் ஒரு பகுதியை மறைத்தால், அதற்கு நேரான பகுதியே பொருளிலும் மறையும். அக்குழலில் கண்ணாடி வில்லை கிடையாது. அவர் கையில் துப்பாக்கியும் கிடையாது. ஆயினும் உறுதியான சட்டத்தின்மேல் குழலை அசையாது பொருத்தினாலன்றி அவர் சோதனை நடவாது. துப்பாக்கிமேல் தொலைநோக்கியைப் பொருத்துவோனின் கவலையும் இதுவே அன்றோ! இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் அச்சேறி ஐரோப்பாவெங்கும் பயிலப்பட்டது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கும்பினிப் படையின் வழவழப்பான குழல் கொண்ட பழைய துப்பாக்கியில் பின்குறியே இல்லை. வரிசையாக நின்று ஒருமித்துச் சுடுவதற்கு அது போதுமானதாயிருந்தது. நமக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை வெள்ளையர் சுட்டபோது, அவற்றின் எச்சத்தால் உரமேறிய ஏரிநீரே தம் வயலுக்கு வாழ்வு என்று உணர்ந்த ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் லயோனல் பிளேஸ் என்பவரிடம் 'கவுல்' பெற்றனர். கவுல் என்பதும் நம் அரபுச் சொல்லே: கவ்ல், கொடுத்த வாக்கு. இது வழியிலே கண்டது. மீண்டும் குறிக்கு வருவோம்.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி வந்ததும் நிலைமை மாறிற்று. அதன் குழலின் உட்புறம் திருகுவரிகள் இருந்தன. மேற்புறம் ஏணிபோல் நிமிர்த்தத்தக்க பின்குறி இருந்தது. அதில் நூற்றுக்கணக்கான கெஜங்களுக்கு அளவுக்கோடுகள் பொறிக்கப்பட்டிருந்தன. தொலைவு கூடக் கூடச் சறுக்கியை மேலே ஏற்ற வேண்டும். பின்குறி உயர்ந்தால் குழல்முனையும் உயரும். குண்டு வளைந்து சென்று இலக்கை அடையும். இதனைப் பயிலச் சிப்பாய்கள் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூவிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கேதான் தோட்டாவின் கொழுப்பைப் பற்றிய செய்தி பரவியது. பசுவும் பன்றியும் கலந்த அந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

ஆனால் 1857க்குப் பின் நடந்த ஒன்றைப் பலர் அறியார். கொழுப்பை மாற்றுவது எளிதாயிற்று. அச்சத்தை மாற்றுவது எளிதாகவில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென 1858, 1859ஆம் ஆண்டு மாதிரிகள் தனியே செய்யப்பட்டன. வெளித்தோற்றத்தில் அதே என்ஃபீல்டு. உள்ளேயோ திருகுவரிகள் இல்லை. குழலின் உள்விட்டம் பெருக்கப்பட்டது. ஏணிக் குறிக்குப் பதிலாக அசையாத சிறு பிளவு ஒன்று வைக்கப்பட்டது. வெள்ளைச் சிப்பாய் தொலைவில் நிற்பவனைக் குறி வைக்கலாம். அவன் அருகே நிற்கும் இந்தியச் சிப்பாயோ அண்மையில் நிற்பவனை மட்டுமே நம்பிச் சுடலாம். இதை நாம் திண்ணையில் சொன்னபோது ஹவில்தார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பின்குறியை ஏற்றி இறக்க முடியாதென்றால், எட்ட இருப்பவனை எப்படி அடிப்பது ஹஜ்ரத்?" என்றார். "அடிக்கக்கூடாது என்றுதானே தம்பி அப்படிச் செய்தார்கள்" என்றோம்.

இந்தப் பின்தங்கல் நெடுங்காலம் நீடித்தது. வெள்ளைப் படை மார்ட்டினி ஹென்றியை ஏந்தியபோது இந்தியப் படைக்குப் பழைய ஸ்னைடர் தரப்பட்டது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நம் குடிமக்களுக்கு உரிமச்சீட்டு வேண்டும் என்றது; ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1914இல் இந்தியப் படை மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கிய பிறகே அதற்குப் புதிய துப்பாக்கிகளும் புதுவகைத் தோட்டாக்களும் கிடைத்தன. தோட்டா மாறினால் குண்டின் வளைவு மாறும். வளைவு மாறினால் குறியின் அளவுக்கோடும் மாறும். கை பழகிய குறியை விட்டு வேறொன்றைப் பழக அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. பிரான்சின் குளிரில், சேற்றுப் பள்ளங்களில் நின்ற அந்த மக்களை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

தொலைநோக்கியின் கதை இன்னும் சுவையானது. பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் என்பவரின் தொலைநோக்கி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் விட்வொர்த் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டது. முதல் உலகப் போரிலும் ஆங்கிலேயர் தம் லீ என்ஃபீல்டில் அதை இடப்பக்கம் ஒதுக்கியே வைத்தனர். மேலிருந்து தோட்டாத் தொகுதியைத் திணிக்க வழி வேண்டுமே! ஆனால் மணல்மூட்டைச் சந்தின் வழியே குழல் பார்க்கும். பக்கத்திலிருக்கும் தொலைநோக்கி மூட்டையைப் பார்க்கும். வீரர்கள் நொந்துகொண்டதில் வியப்பில்லை. ஓர் உறுப்பு எத்துணைச் சிறந்ததாயினும், பொருத்தும் இடம் தவறினால் பயனற்றுப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 1942 முதல் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனத்தார் பொருத்திய 32ஆம் எண் தொலைநோக்கி, குழலுக்கு நேர் மேலேயே நின்றது. இயந்திரத் துப்பாக்கியான பிரெனுக்கென வகுக்கப்பட்ட அது, பொருளை மும்மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கண் உயர்ந்து நிற்க வேண்டியிருந்ததால், கன்னம் பதியக் கட்டையின்மேல் மரத்துண்டு ஒன்றும் சேர்த்தனர். துப்பாக்கியின் எண் தாங்கியிலும், தொலைநோக்கியின் எண் கட்டையிலும் பொறிக்கப்பட்டன. ஒன்றன் தொலைநோக்கியை மற்றொன்றில் மாட்டினால் குறி கெடும்.

ஏன் கெடும் என்று நாம் வினவியபோது நண்பர் கணக்கிட்டுக் காட்டினார். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீட்டர் என்று கொள்வோம். பின்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் விலகும். ஆகவே இவ்விரண்டும் எவ்வளவு தள்ளி அமைகின்றனவோ அவ்வளவுக்குப் பிழை குறையும். தொலைநோக்கியிலோ பிழை வளையங்களிலும் திருகாணிகளிலும் ஒளிந்திருக்கும். வளையம் தளர்ந்தால் ஒவ்வோர் அதிர்விலும் குழல் நகரும். அளவுக்கு மீறி முறுக்கினால் மெல்லிய குழல் நசுங்கும். உருப்பெருக்கம் கூடினால் காட்சியின் அகலம் சுருங்கும். அண்மையில் ஓடுவதைத் தேடிப் பிடிப்பது அரிதாகும். கண்ணை வில்லைக்கு மிக அருகே வைத்தாலோ உதைப்பில் புருவம் கிழியும். அவர் புருவத்தின் மேலும் ஒரு பழைய தழும்பு உண்டு.

விடுதலைக்குப் பின் இஷாப்பூரில் செய்யப்பட்ட 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கியின் முதல் வகையில், பின்குறி 2,000 வரை அளவிடப்பட்டிருந்தது. 1960களில் வந்த 2ஏ1 என்னும் வகையில் அது 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. இம்முறை குறைத்தவர்கள் நம்மவர்களே; எந்தத் தொலைவுக்கு மேல் தனியொருவன் சுடுவது வீண் என்று கண்டு குறைத்தார்கள். 1966இல் திருச்சிராப்பள்ளியிலும் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இன்றைய துப்பாக்கிகளில் பற்கள் வெட்டிய நீண்ட சட்டம் ஒன்று மேலே ஓடுகிறது. வேண்டிய தொலைநோக்கியை வேண்டிய பல்லில் மாட்டி இறுக்கலாம். 1995இல் அமெரிக்கப் படை இதற்கு ஒரே அளவை வகுத்தபின் அது உலகெங்கும் பரவியது.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரமாயிற்று. எழுந்து செல்லுமுன் நம் அலமாரியில் இருந்த உஸ்துர்லாபின் படத்தைக் காட்டினோம். ஹவில்தார் அதைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இளாதாவின் இரு துளைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இது பின்குறி, இது முன்குறி" என்றார்.