திறந்த கதவும் பயண அட்டையும்

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இளநிலைக் கல்லூரியிலிருந்து அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் வரலாறு விரிகிறது. 1947இல் ட்ரூமன் ஆணையம் அவற்றை நாடெங்கும் பெருக்கப் பரிந்துரைத்தது. கதவு திறந்தது, நுழைந்தோருள் பலர் பட்டம் பெறாமலே வெளியேறினர். குறை மாணவரிடமே தேடப்பட்டது.

2007இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 'ஏசாப்' திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரம் பயில்வோருக்குத் தனி ஆலோசகர், பாடநூல் உதவி, கட்டணச் சலுகை, இலவசப் பயண அட்டை ஆகியன கிடைத்தன. பின்னர், அடிப்படைப் பாடங்களில் பின்தங்கிய ஏழை மாணவர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராயப்பட்டனர். மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றோர் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22.

இரு குழுவினரும் ஒத்த நிலையினரே. ஆதலின் இடைநிற்றலுக்குக் காரணம் தேடுவோர் முதலில் வினவ வேண்டியது கல்லூரியை.