மயக்க ஊசியும் கயிறு பிடிப்பவரும்

பத்து நாளாகப் பதிவு ஒன்றும் வரவில்லையே, சாருக்கு உடம்பு சரியில்லையா என்று சிலர் போன் செய்து கேட்டீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். போன வாரம் எனக்குக் கொலோனோஸ்கோபி செய்தார்கள். ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனை அது. இதையெல்லாமா முகநூலில் எழுதுவார்கள் என்று வீட்டில் ஒரே சத்தம். இருந்தாலும் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

என் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். 58 வயதில் அவருக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று அவரே முடிவு செய்துகொண்டு கருணைக்கிழங்காகச் சாப்பிட்டார். குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் பயந்தது நோய்க்கு அல்ல, மயக்க ஊசிக்கு. எங்கள் சின்ன வயதில் உறவுக்காரர் ஒருவர் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தத் துஷ்டி வீட்டை அண்ணன் மறக்கவில்லை. ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டார். கடைசியில் பார்த்தபோது புற்று கல்லீரல் வரை போயிருந்தது.

கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலோ, அண்ணனுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்தியோ அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அன்றே சொன்னார். நான் அப்போதே நாற்பதைத் தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. தலையாட்டிவிட்டு வந்தவன், பதினோரு வருடம் கழித்து இப்போதுதான் போயிருக்கிறேன். அண்ணன் மகனுக்கு 46 ஆகிறது. "சித்தப்பா, மயக்கம்னாலே ஒரு மாதிரி இருக்கு" என்கிறான். அவன் இதைப் படிப்பான்.

அந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் ஈதர் ஆவி கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். ஐந்தே மாதத்தில், 1847 மார்ச்சில், அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அந்தக் காலக் கப்பல் வேகத்துக்கு இது பெரிய ஆச்சரியம். அதே வருடம் நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் குளோரோபார்மைக் கொண்டுவந்தார். மூன்றாம் மாதம் முதல் சாவு. 1848 ஜனவரி 28, இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண். கால்விரல் நகத்தை எடுக்கப் போன இடத்தில் சில நிமிடங்களில் போய்விட்டாள்.

முதலில் நின்றது இதயமா, மூச்சா? மயக்கம் கொடுப்பவர் நாடியில் விரல் வைத்திருக்க வேண்டுமா, மூச்சைக் கவனிக்க வேண்டுமா? இந்தச் சண்டை நாற்பது வருடம் ஓடியது. அது விசாரணைக்கு வந்த இடம் நம் நாட்டு ஹைதராபாத். நிஜாம் மகபூப் அலிகான் என்றால் நமக்கு வைரம்தான் நினைவுக்கு வரும். அவர் காசு கொடுத்து நடத்திய குளோரோபார்ம் கமிஷனை யாரும் சொல்வதில்லை. அங்கிருந்த எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் 1888-லும் 1889-லும் நூற்றுக்கணக்கான விலங்குகளுக்குக் குளோரோபார்ம் கொடுத்துப் பார்த்தார். இரண்டாவது முறை லண்டன் லான்செட் பத்திரிகை லாடர் பிரண்டன் என்ற நிபுணரையே அனுப்பி வைத்தது. அந்தக் காலத்தில் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் படித்துத் தேறிய ரூபா பாய் பர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்ணை உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்கிறார்கள். என் பழைய மாணவிகள் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.

முதலில் நிற்பது மூச்சுதான், மூச்சைப் பார்த்தால் போதும் என்றார் லாரி. 1911-ல் லெவி என்பவர், குளோரோபார்ம் குறைவாக ஏறிய அரை மயக்கத்தில் இதயமும் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்று பூனைகளை வைத்து நிரூபித்தார். ஆக இரண்டு கட்சிக்கும் பாதி பாதி வெற்றி. இன்று குளோரோபார்ம் இல்லை. ஆனால் மூச்சு, நாடி இரண்டையும் கவனி என்ற பாடம் இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையில் எங்கள் உறவுக்காரர் போன்றவர்களும் சேர்த்தி என்று நினைத்துக்கொள்கிறேன்.

மூச்சுக்குக் காவல் இருப்பது நம் கரைக்குத் தெரியாத வேலையா? முத்துக்குளிப்பவர் கல்லில் கால் வைத்து இறங்குவார். கிட்டத்தட்ட ஒரு நிமிடம். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் உடனே தூக்க வேண்டும். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காவது அவன் கண் அயரமாட்டான் என்று சொல்வதுண்டு. சுறாவைக் கட்டிவைக்க மந்திரக்காரரும் உண்டு. கடல்கட்டி என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீனைக் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு கூலி என்றும், ராத்திரியானால் கட்டை அவிழ்த்துவிடுவார் என்றும் சொல்கிறார். நம் கரையில் முதல் மயக்க மருத்துவம் சுறாவுக்குத்தான் நடந்திருக்கிறது! தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961-ல் முடிந்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

ஜப்பானில் மிக்கிமோத்தோ 1893-ல் முத்தை வளர்த்துக் காட்டினார். சில பத்தாண்டுகளில் நம் கடல் முத்துக்கு மவுசு குறைந்தது. அதே ஜப்பானில் 1970-களின் தொடக்கத்தில் தக்குவோ அயோயாகி என்ற பொறியாளர், உடம்பின் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்கினோமே, அந்த விரல் கிளிப்தான். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

இனி என் கதை. முந்தின நாள் பேதிப் பொடி கரைத்த தண்ணீர் இரண்டு லிட்டர். அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. காலையில் மயக்க டாக்டர் தனியாக வந்து உட்கார்ந்து விசாரித்தார். சின்னப் பெண், என் கடைசி பேட்ச் மாணவிகள் வயதுதான் இருக்கும். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு அடைக்குமா, பல் ஆடுகிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் என்ன மாத்திரை, குடிப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள் அப்பா, மருந்தின் அளவு அதைப் பொறுத்தும் மாறும்.

இரண்டு விதமாகச் செய்கிறார்கள் என்று விளக்கினார். மிடாசோலம், ஃபென்டனில் சேர்த்துக் கொடுப்பது ஒன்று: அரைத்தூக்கம். கூப்பிட்டால் பதில் சொல்வோம், வயிறு முறுக்குவது தெரியலாம், ஆனால் பிறகு பெரும்பாலும் நினைவில் நிற்காது. இவற்றுக்கு மாற்று மருந்து உண்டு. இன்னொன்று புரோபோஃபால்: நல்ல தூக்கம், சீக்கிரம் விழிப்பு. பிரிட்டனில் ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தது. சோயா எண்ணெயும் முட்டைக் கருவிலிருந்து எடுக்கும் ஒரு பொருளும் சேர்ந்து பால் மாதிரி இருக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சு குறைந்தால் தாடையைத் தூக்கிவிட்டு, தேவையானால் மாஸ்க் வைத்து மூச்சைக் கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2009-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால்தான். கண்காணிக்க வேண்டிய கருவிகள் இல்லாத படுக்கையறையில், அவரைத் தனியே விட்டு டாக்டர் வெளியே போயிருந்தார். மயக்கமே வேண்டாம் என்று செய்துகொள்பவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

நான் கேட்டது ஒன்றுதான். "நான் தூங்கும்போது என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது யார்?" "நான்தான் சார். குழாய் விடுகிற டாக்டர் குடலைப் பார்ப்பார், நான் உங்களைப் பார்ப்பேன்" என்றார். அந்த ஒரு பதிலில் பாதி பயம் போய்விட்டது. எங்கே செய்தாலும் இதைக் கேளுங்கள்.

கையில் வென்ஃப்ளான், விரலில் கிளிப், புஜத்தில் பிரஷர் பட்டை, நெஞ்சில் ஒட்டுகள், மூக்கில் ஆக்சிஜன் குழாய். வெளிவிடும் மூச்சையே அலை அலையாகக் காட்டும் திரையும் இருந்தது. ஆக்சிஜன் கொடுக்கும்போது மூச்சு நின்றாலும் விரல் கிளிப் கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்லும். அந்த அலை உடனே காட்டிவிடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். வரலாற்று வாத்தியார் என்று தெரிந்து, வைஸ்ராய்களை வரிசையாகச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண். கானிங், எல்ஜின், லாரன்ஸ், மேயோ... கையில் சுருக்கென்று ஓர் எரிச்சல். கண் விழித்து "நார்த்புரூக்" என்றேன். நர்ஸ் சிரித்தார். அரைமணி நேரம் போயிருந்தது.

எழுந்ததும் வயிறு உப்பிக் காற்றுப் பிரிந்தது. வெட்கப்பட வேண்டாம், அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். டாக்டர் வந்து ஏதோ விளக்கினார். நான் தெளிவாகக் கேள்வி கேட்டேனாம். எனக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்லை. கூட வந்த மச்சினன்தான் எல்லாம் கேட்டு வைத்திருந்தான். அதனால் துணைக்கு வருபவர் வெளியே டீக்கடையில் நிற்காமல் உள்ளே இருக்க வேண்டும். ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டு சின்னப் பாலிப் இருந்தன. அப்போதே எடுத்துவிட்டார்கள். நேற்று ரிப்போர்ட் வந்தது: புற்று இல்லை. விட்டிருந்தால் வருடக்கணக்கில் அப்படி மாறக்கூடிய ரகம். அண்ணனுக்கும் இப்படி ஒன்று, ஒரு காலத்தில், சின்னதாக இருந்திருக்கும்.

தம்பி, நீ ஆவணியில் லீவுக்கு வருகிறாய் அல்லவா? கல்யாண வீடுகளுக்கு முன்னால் ஒரு நாளை எனக்குக் கொடு. டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மச்சான் இல்லை, அதனால் நானே கூட வருகிறேன். பேதிப் பொடி மட்டும் எலுமிச்சை ருசியில் கேட்டு வாங்கு. ஆரஞ்சு சகிக்கவில்லை.