மலை ஏறிய ஜீப்பும் மக்கர் செய்த பம்பும்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ரயில் போடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏலத்தோட்டத்துக்குப் போக ஜீப்தான். போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கிப் பக்கம் போகும் ஜீப்புகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதி மலையில் வண்டி நின்றால் அதில் இருக்கும் அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு. ஆகவே பம்பு சமாசாரம் டிரைவருக்கு மட்டும் உரியதல்ல.

1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. அவை பெட்ரோல் வண்டிகள். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்ன பம்பு இருக்கும். மெக்கானிக்குகள் அதை ‘ஏ.சி. பம்பு’ என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த இரண்டு எழுத்தும் ஆல்பர்ட் சாம்பியன் என்ற பெயரின் முதலெழுத்துக்கள். பாரிஸில் பிறந்த சைக்கிள் பந்தய வீரர் அவர். 1899-ல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜெயித்தவர். பிறகு அமெரிக்கா போய் ஸ்பார்க் பிளக் தொழிற்சாலை வைத்தார். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அவர் பெயரை ‘அல்பேர் ஷாம்பியோன்’ என்றுதான் என் நாக்கு சொல்லும்.

அந்தப் பம்புக்குள் இருப்பது ஒரு டயஃப்ரம். எஞ்சின் ஓட ஓட ஒரு நெம்புகோல் அதை இழுத்து விடும். அது டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். வம்பே இந்த உறிஞ்சலில்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். முதல் கியரில் முனகி ஏறும் எஞ்சினோ கொதிக்கும். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு வெறும் ஆவியைத்தான் இழுக்கும், வண்டி நின்றுவிடும். அதற்கு வைத்தியம் ஈரத்துணி. பம்பின் மேல் சுற்றி, தண்ணீர் விட்டு, ஒரு பீடி நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடும். டயஃப்ரமே கிழிந்துவிட்டால் ஈரத்துணி பலிக்காது. அப்போது பெட்ரோல் கேனை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் கட்டி, ரப்பர் குழாயை நேராகக் கார்புரேட்டரில் மாட்டி ஊர் வந்து சேர்வார்கள். தீப்பிடிக்கக்கூடிய வேலைதான். ஆனாலும் செய்தார்கள்.

பிறகு டீசல் காலம். பிரான்சின் பெஜோ கம்பெனியின் எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினைத் தயாரிக்க 1979-ல் மகிந்திரா உரிமம் வாங்கியது. 4 என்றால் நான்கு சிலிண்டர். 90 என்பது சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். நம் ஊரில் ‘பியூஜியாட்’ என்பார்கள். பிரெஞ்சில் கடைசி ‘ட்’ வாயில் வராது. 2000-ல் வந்த பொலிரோவில்கூட முதலில் இருந்தது பெஜோவின் 2.5 லிட்டர் எஞ்சின்தான். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலும் ஜெர்மன் பெற்றோருக்கு 1858-ல் பாரிஸில் பிறந்தவர் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

டீசலுக்கு ஆவித் தொல்லை இல்லை, காற்றுத் தொல்லை. டாங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது செங்குத்து ஏற்றத்தில் வண்டி சாய்ந்தால் உறிஞ்சு குழாய் வெளியே தெரிந்து காற்றை இழுத்துவிடும். ஒரு தேய்ந்த செப்பு வாஷர் போதும், அதன் வழியாகவும் காற்று நுழையும். டிரைவர் முதலில் டயருக்குப் பின்னால் கல் வைப்பார். பிறகு ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிப்பார். நுரை நுரையாக வரும். குமிழி இல்லாமல் சுத்தமான டீசல் வரும்வரை அடித்துத் திருகை இறுக்குவார். அதற்கும் கிளம்பாவிட்டால், செல்ஃப் அடித்துக்கொண்டே நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காற்றை வெளியே விடுவார்.

காற்றைவிட மோசமானது மண்ணெண்ணெய். இன்ஜெக்ஷன் பம்புக்குள் பிளஞ்சருக்கும் பாரலுக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே உராய்வைத் தடுப்பது டீசலின் வழுவழுப்பு மட்டுமே. மண்ணெண்ணெயில் அது குறைவு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். சில முதலாளிகள் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கக் கலக்கச் சொல்வார்கள். பம்பு தேய்ந்து மலையில் வண்டி இழுக்காமல் நின்றால் பழி டிரைவர் மேல். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்கும் பிக்-அப்களில் காமன் ரெயில். அதில் டீசலின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலே போகும். கோளாறு என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். என்ன கோளாறு என்று அறிய ஸ்கேனர் வேண்டும். பழைய பழக்கத்தில் யாரும் இதில் நாசில் பைப்பைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். பீய்ச்சும் டீசல் ஊசி போலத் தோலுக்குள் இறங்கிவிடும்; கையையே எடுக்க வேண்டிவரும்.

ஃபில்டரின் தலையில் கைப்பம்பு மட்டும் சில புது வண்டிகளில் இன்னும் இருக்கிறது. ஃபில்டர் மாற்றினால் காற்றெடுக்க அதைத்தான் அழுத்த வேண்டும்.