சாலையும் ஆதுலர் சாலையும்

சாலை என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் இன்று வீதி என்ற பொருளிலேயே வழங்குகிறோம். திருவனந்தபுரத்துத் தமிழர்களாகிய நமக்கோ அது ஓர் ஊரின் பெயரைப் போன்றது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் அங்காடித் தெருவையும், அதிலிருந்து பிரியும் சந்துகளையும் சேர்த்துச் சாலை என்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் இந்த அங்காடியை நிறுவினார். அவரும் இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் பிறந்தவரே. நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வணிகர்கள் வந்து கடை வைத்தனர். மளிகை, பாத்திரம், துணி, நகை, வெற்றிலை என்று அவர்கள் தொடாத வாணிகம் குறைவு. இன்றும் அங்கே தமிழில் பேரம் பேசிச் சாமான் வாங்கித் திரும்பலாம்.

சாலை என்பதற்குப் பழந்தமிழில் வேறொரு பொருளும் உண்டு. ஓர் அறத்தின் பொருட்டு அமைத்த கூடம் அது. உணவிடுவதாகவோ, கல்வி அளிப்பதாகவோ, நோய் தீர்ப்பதாகவோ இருக்கலாம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச்சாலை, நம் அங்காடிக்கு அருகிலுள்ள வலியசாலைப் பகுதியே என்று கூறும் அறிஞர்கள் உளர், மறுப்போரும் உளர். அவன் அறுத்த கலம் மரக்கலமா உண்கலமா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. அதனை அவர்களிடமே விட்டுவிட்டு, ஐயத்திற்கு இடமில்லாத வேறொரு சாலையைப் பார்ப்போம்.

காஞ்சிபுரத்திற்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், பதினொன்றாம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. வீரசோழன் என்னும் பெயர் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது நோயாளர் விடுதி, ஒன்றினை அது விவரிக்கிறது. பதினைந்து படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர் இருவர், பணிவிடைப் பெண்டிர் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் எடுத்துத் தருபவர் ஒருவர். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல்லும் என்று ஊதியம் வகுத்திருந்தனர். செலவு முழுவதும் கோயிலின் நில வருவாயிலிருந்து கிடைத்தது. நோயாளி கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

இதனைப் படித்துப் பெருமிதம் கொள்ளாத தமிழர் இல்லை. ஆயினும் கல்வெட்டை இன்னும் சற்று ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். அப்படுக்கைகள் அங்கு வேதம் பயின்ற மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும் உரியவை. கோயிலின் ஏட்டில் பெயர் உள்ளவர்க்கே வைத்தியம். ஆற்றைக் கடந்து வந்த வழிப்போக்கனுக்கு அன்று.

எல்லோர்க்கும் பொது வைத்தியமா, இன்ஷூரன்ஸ் வழி வைத்தியமா என்று இன்று உலகமெங்கும் நடக்கும் வழக்கின் முடிச்சு இங்கேயே இருப்பதாக நாம் கருதுகிறோம். பணம் எவர் பையிலிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. வாசலில் நிற்பவனிடம் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பது மற்றொன்று. “உனக்கு என்ன நோய்?” என்று கேட்பது ஒரு முறை. “உன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?” என்று கேட்பது மற்றொரு முறை. சொந்த ஊரிலேயே வாழ்பவனுக்கு இவ்விரண்டின் வேறுபாடு எளிதில் தோன்றாது. நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு அது நன்கு தெரியும்.

திருவிதாங்கூர் அரசு இவ்விரண்டில் முதல் முறையை நோக்கி நடந்தது. ராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியில், 1813-இல், அம்மை குத்தும் பணி தொடங்கிற்று. மக்களின் அச்சம் நீங்குவதற்காக அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டனர். பெரியம்மைக்கு ஏடு கிடையாது. அரண்மனையையும் குடிசையையும் அது ஒன்றாகவே நாடும். ஆகவே வசதியுள்ளவர்க்கு மட்டும் விற்றால் பயன் தராத மருந்து அது. 1879-இல் அரசு ஊழியர், மாணவர், கைதிகள் ஆகியோர் அம்மை குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கி அரசாணை பிறந்தது.

1865-ஆம் ஆண்டை நாம் தனியே குறிப்பிட வேண்டும். அவ்வாண்டில் ஆயில்யம் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் பொது மருத்துவமனையைத் திறந்துவைத்தார். தம் குடிகளில் எல்லா வகுப்பினர்க்கும் நல்ல வைத்திய உதவி எட்டவேண்டும் என்பதே தம் விருப்பம் என்ற கருத்தில் அவர் பேசியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதே ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்றுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, எல்லைச் சுங்கத்தில் பெரும்பகுதி நீங்கிற்று. ஆரல்வாய்மொழி வழியே சாலைக்குச் சரக்கு ஏற்றிவந்த வணிகர்களுக்கு அது பெரிய விடுதலை. இரண்டும் நிகழ்ந்தபோது திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர். டி. மாதவராவ். அவரும் பிழைக்க வந்த ஊரில் பெரியவரானவர்தாம்!

அந்த வாசல் உண்மையில் எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது? சென்னையில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்ற டாக்டர் பல்பு, ஈழவர் குலத்தில் பிறந்த காரணத்தால் திருவிதாங்கூர் மருத்துவத் துறையில் வேலை பெற இயலவில்லை. மைசூர் சமஸ்தானம் அவரை ஏற்றது. பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது அவர் ஆற்றிய பணி அந்நகர வரலாற்றில் இடம்பெற்றது. ‘எல்லா வகுப்பினரும்’ என்று அரசர் சொன்ன பிறகும், வகுப்பைக் கேட்கும் வழக்கம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அயல்நாடு சென்று வாழ்ந்து பெயர் பெற்றவர் வரிசையில் அவரையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி இந்தியா முழுமைக்கும் வருவோம். 1943-இல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சென்னையின் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். 1946-இல் வெளிவந்த அதன் அறிக்கை, பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவர்க்கும் தக்க வைத்தியம் கிடைக்காமற் போகலாகாது என்று கூறிற்று. வைத்தியம் எல்லோர்க்கும் இலவசமாக இருக்கட்டும். வசதியுள்ளவர் தம் பங்கை வரியாகச் செலுத்தட்டும் என்பது குழுவின் முடிவு. ஆஸ்பத்திரி வாசலில் பணக்காரனையும் ஏழையையும் பிரிக்கும் வேலையே வேண்டாம் என்பது இதன் உட்பொருள். பிற்காலத்தில் இன்ஷூரன்ஸ் முறை வேண்டுமா என்பதை அப்போதைய அரசுகள் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று ஒரு கதவையும் அது திறந்துவைத்தது.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5-இல் தேசிய மருத்துவப் பணி தொடங்கியது நாம் கூறிய முதல் முறை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு ஏற்படுத்தியது இரண்டாம் முறை. இந்தியா இரண்டையும் கைக்கொண்டது. பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் பயனாக 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரில் நேரு அத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1951 நவம்பரில், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைத் திறந்துவைத்தவரும் அவரே. ஒன்றின் வாசல் எல்லோர்க்கும். மற்றொன்றின் ஏடு ஆலைத் தொழிலாளிக்கு.

இ.எஸ்.ஐ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்தத் திட்டம் நல்ல திட்டமே. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் ஒரு பங்கு செலுத்துகின்றனர். 2019 முதல் அப்பங்கு முறையே 0.75 விழுக்காடும் 3.25 விழுக்காடும் ஆகும். நோயுற்ற நாட்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியும் கிடைக்கிறது. எந்தத் தர்மாஸ்பத்திரியும் அதனைத் தருவதில்லை. ஆனால் சாலையில் நடந்து பாருங்கள். முதலாளி, கணக்குப்பிள்ளை, எடுபிடிப் பையன்கள் இருவர் என்று அமைந்த கடைகளே மிகுதி. சட்டம் கட்டாயப்படுத்துவதோ பத்துப்பேருக்குக் குறையாத இடங்களை. மூட்டை சுமப்போர்க்கு 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தால் நலநிதி ஏற்பட்டது. பதிவு பெற்று அட்டை வைத்திருப்பவர்க்கு அது துணை. அட்டையில்லாமல் ஒரு கடையில் சாக்கு அடுக்கிக்கொண்டிருப்பவர் கால் வழுக்கி விழுந்தால், அவர் எந்த ஏட்டிலும் இல்லை.

1956 நவம்பர் 1-ஆம் நாள் எண்ணிப் பார்க்கத் தக்கது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்காகப் போராடி உயிர்நீத்தவர்களை நாம் மறவோம். தாய்த்தமிழகத்தோடு சேர்ந்ததில் மகிழ்ச்சியே. எனினும் அதுவரை ஒரே அரசின் குடிகளாய் இருந்தவர்கள், நாகர்கோவிலிலிருந்து சாலைக்கு வந்து கடை வைத்தவர்கள், ஒரே இரவில் வெளிமாநிலத்தார் ஆயினர். பொது மருத்துவமனையின் வாசல் அவர்களுக்கு அன்று மூடவில்லை. நோயாளியிடம் மாநிலம் கேட்கும் தேவையே அப்போது எழவில்லை.

அத்தேவை பின்னாளில் எழுந்தது. 1986 முதல் 1996 வரையிலான பத்தாண்டுகளில் கேரளத்தின் அரசு ஆஸ்பத்திரிப் படுக்கைகள் ஏறத்தாழ 36,000-லிருந்து 38,000 ஆயின. தனியார் படுக்கைகளோ 49,000-லிருந்து 67,500 ஆக உயர்ந்தன. அரசுக் கருவூலம் மெலிந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து பணம் வந்தது. கல்வியும் சுகாதாரமும் தழைத்த அம்மாநிலத்தில் ஒவ்வொருவரும் வைத்தியத்திற்குத் தம் கையிலிருந்து செலவிடும் தொகை நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருப்பது இதன் விளைவு.

இன்ஷூரன்ஸ் வளர்ந்ததும் இக்காலத்திலேதான். நாட்டுடைமையான பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் 1986-இல் மெடிக்ளெய்ம் திட்டத்தைத் தொடங்கின; 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் தனியார் கம்பெனிகளும் இத்துறையில் புகுந்தன. வணிகர்களாகிய நமக்கு இன்ஷூரன்ஸ் புதிதன்று. நூறு கடைக்காரர் ஆளுக்குச் சிறிது போட்டுவைத்தால், நெருப்புப் பற்றிய ஒரு கடையை மீட்கலாம். ஆனால் நெருப்பு எல்லாக் கடையிலும் பற்றுவதில்லை. முதுமை எல்லா உடலிலும் பற்றுகிறது. ஆகவே நலமாக இருப்பவரை விரும்பி ஏற்பதும், நோய் உள்ளவரிடம் தவணை குறிப்பதும் அந்தத் தொழிலின் இயல்பு. அதற்காகக் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. நட்டத்திற்குக் கடை நடத்துபவர் சாலையிலும் இல்லை. 65 வயதைக் கடந்தவர்க்கும் புதிய பாலிசி வழங்கலாம் என்று ஒழுங்காணையம் 2024-இல் வழிசெய்தது. அந்த வயதில் பிரீமியம் எவ்வளவு என்பதை வினவியவர்கள் அறிவர்.

தனியார் இன்ஷூரன்ஸ் எட்டாத ஏழைகளுக்காக அரசுகளே பிரீமியம் செலுத்தும் திட்டங்களும் வந்தன. மத்திய அரசு 2008-இல் ஒன்று தொடங்கிற்று. தமிழ்நாடு 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2018-இல் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வைத்தியம் தரும் ஆயுஷ்மான் திட்டம் வந்தது. கேரளம் அதனைத் தன் காருண்யா திட்டத்தோடு 2019-இல் இணைத்துக்கொண்டது. இவற்றால் இதய அறுவை சிகிச்சை பெற்றுப் பிழைத்த ஏழைகள் பலர் என்பதை மறுப்பது நன்றியாகாது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளதாக அரசுக் கணக்கு கூறுகிறது.

ஆயினும் இவை ஏட்டுத் திட்டங்கள். குடும்ப அட்டை எங்கே, வருமானச் சான்று எங்கே என்றே அவை தொடங்கும். தென்காசியில் குடும்ப அட்டையும் சாலையில் பிழைப்புமாக இருப்பவர், நோய் வந்தால் சில வேளைகளில் அட்டை இருக்கும் இடத்திற்கு ரயிலேற வேண்டியிருக்கிறது. மும்பைத் தாராவியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்கள் இதனைத் தம் வாழ்விலிருந்தே அறிவார்கள். கேரள அரசு இக்குறையை உணர்ந்து, வெளிமாநிலத் தொழிலாளர்க்கென 2010-இல் ஒரு நலத்திட்டமும், 2017-இல் ‘ஆவாஸ்’ என்னும் காப்பீடும் ஏற்படுத்தியது பாராட்டுக்குரியது. அக்காப்பீடு தொடங்கியபோது வைத்தியத்திற்கு ரூ.15,000, விபத்தில் இறந்தால் ரூ.2 லட்சம் என்று வகுத்தனர். இறந்தவருக்குக் கிடைப்பது பிழைப்பவருக்குக் கிடைப்பதைவிட மிகுதியாக இருப்பது இன்ஷூரன்ஸ் கணக்கின் விந்தை.

வரி செலுத்தும்போது நம்மிடம் எவரும் குடும்ப அட்டை கேட்பதில்லை. சாலையில் ஒரு சேலையோ பாத்திரமோ வாங்கும் தமிழரும் மலையாளியும் வங்காளியும் ஒரே வரியைச் செலுத்துகின்றனர். வாசல் முறையே முதலில் வலுப்பெற வேண்டும், இன்ஷூரன்ஸ் அதற்கு மேற்பட்டதாய் இருக்கட்டும் என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம். அரசு ஆஸ்பத்திரியின் கூட்டத்தையும், தரையில் பாய் விரித்துக் கிடக்கும் நோயாளிகளையும் காட்டி இதனை மறுப்பவர் உண்டு. அவர்கள் காட்டுவது உண்மையே. நடுத்தரக் குடும்பங்கள் அந்த வாசலை விட்டு நீங்கியபின், அதனைச் செப்பனிடக் கேட்கும் குரலும் மெலிந்துவிட்டது என்பதையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

சாலையைப் பற்றிப் பேசும்போது ஒரு கதை நினைவிற்கு வருகிறது. ஜெயமோகன் 2011-இல் எழுதிய ‘சோற்றுக்கணக்கு’ இங்குள்ள கெத்தேல் சாகிபின் சாப்பாட்டுக்கடையைப் பற்றியது. அங்கே பில் கிடையாது. உண்டவர் விரும்பியதை ஓர் உண்டியலில் போட்டுச் செல்லலாம். எவர் எவ்வளவு போட்டார் என்று சாகிப் பார்ப்பதில்லை. பசித்து வந்த ஏழை மாணவன் பின்னாளில் தன் கடனை எவ்வாறு எண்ணினான் என்பதே கதை. போர் குழுவினர் புள்ளிவிவரங்களோடு எழுதிய வரித் திட்டம் ஏறத்தாழ இந்த உண்டியலே. ஒரு வேறுபாடு உண்டு: அரசு உண்டியலில் போடாமல் எழுந்து செல்ல இயலாது.

குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லைப் பக்கத்திலிருந்தும் இன்றும் நாள்தோறும் நோயாளிகள் களியக்காவிளை எல்லையைக் கடந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு வருகின்றனர். சீட்டு எழுதும் இடத்தில் அவர்களிடம் பெயரும் வயதும் கேட்கிறார்கள். மருத்துவர் தமிழில் சொல்வதைப் புரிந்துகொள்கிறார். அட்டை பற்றிய கேள்வி, ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் அனுப்பும்போது எழுகிறது.